கெர்னல் அமைவுகள்: கையால் இட்டால் ஏற்கிறது, மறுதொடக்கத்துக்குப் பின் காணவில்லை

முனையன் (கேள்வி)

வணக்கம். டெபியன் 12 (லினக்ஸ் வகை இயங்குதளம்) இயங்கும் ஒரு சர்வரைப் பராமரித்து வருகிறேன். அதில் என்ஜின்எக்ஸ் வெப் சர்வராக இயங்குகிறது. லினக்ஸின் பேக்கெட் வடிகட்டியான என்எஃப்டேபிள்ஸ் வழியாக அதே இயந்திரம் ஃபயர்வால் வேலையையும் பார்க்கிறது. நெரிசல் நேரங்களில் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பதிவில் ‘கான்ட்ராக் (இணைப்புகளின் நிலையைக் குறித்துவைக்கும் பகுதி) அட்டவணை நிரம்பிவிட்டது, பேக்கெட்டைக் கைவிடுகிறேன்’ என்னும் பொருளில் செய்திகள் வரத் தொடங்கியதால், ‘/ஈடிசி/சிஸ்சிடிஎல்.கான்ஃப்’ கோப்பில் ‘நெட்.நெட்ஃபில்டர்.என்எஃப்_கான்ட்ராக்_மேக்ஸ்’ என்ற அமைவுக்கு 524288 என்ற மதிப்பையும், காத்திருக்கும் இணைப்புகளின் வரிசைக்கு உச்சவரம்பான ‘நெட்.கோர்.சோமேக்ஸ்கான்’ அமைவுக்கு 8192 என்ற மதிப்பையும் எழுதினேன். இணையத்தில் பலரும் பரிந்துரைக்கும் டிசிபி தொடர்பான வேறு சில வரிகளும் அதே கோப்பில் உள்ளன.

‘சிஸ்சிடிஎல் -பி’ என்று கட்டளையிட்டால் எல்லாம் ஏற்கப்படுகிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஆனால் இயந்திரத்தை மறுதொடக்கம் செய்தபின் பார்த்தால் கான்ட்ராக் மதிப்பு மீண்டும் 262144 ஆகிவிடுகிறது. சோமேக்ஸ்கான் மட்டும் 8192 ஆகவே நிற்கிறது. ஒரே கோப்பில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு வரிகளில் ஒன்று நிலைக்கவும் மற்றொன்று காணாமற்போகவும் காரணம் என்ன?

இரண்டாவது ஐயம், நிலைத்த அந்த மதிப்பைப் பற்றியது. சோமேக்ஸ்கான் 8192 என்று கெர்னலே சொல்கிறது. ஆயினும் இணைப்புகளைப் பட்டியலிடும் ‘எஸ்எஸ் -எல்டிஎன்’ கட்டளையின் வெளியீட்டில் 443 ஆம் போர்ட்டுக்கு நேரே ‘சென்ட்-க்யூ’ நெடுவரிசையில் 511 என்றே இருக்கிறது. வரிசை நிரம்பி வழிந்த எண்ணிக்கையும் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது.

இவற்றோடு, விரைவில் ஒரு ஃப்ரீபிஎஸ்டி (லினக்ஸ் அல்லாத, பிஎஸ்டி வழிவந்த இயங்குதளம்) இயந்திரமும் என் பொறுப்பில் வரவிருக்கிறது. இதே முறைகளை அங்கும் கையாளலாமா என்பதையும் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பழங்கணினி (பதில்)

முதல் ஐயத்துக்கு மட்டும் பதில் தருகிறேன். இரண்டாவதைப் பற்றி என்னைவிட நன்றாக விளக்கக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

லினக்ஸில் சிஸ்சிடிஎல் என்னும் கட்டளை தனியாக எந்த மாயமும் செய்வதில்லை. இயங்கிக்கொண்டிருக்கும் கெர்னல் தன் மாறிகளில் சிலவற்றை ‘/ப்ராக்/சிஸ்’ என்ற கோப்பகத்தின் கீழ்ச் சிறு சிறு கோப்புகளாகக் காட்டுகிறது. பெயரில் உள்ள புள்ளிகளைச் சாய்கோடுகளாக மாற்றினால் அந்தக் கோப்பின் பாதை கிடைத்துவிடும். ‘நெட்.கோர்.சோமேக்ஸ்கான்’ என்பது ‘/ப்ராக்/சிஸ்/நெட்/கோர்/சோமேக்ஸ்கான்’ என்ற கோப்பே. அதைக் ‘கேட்’ கட்டளையால் படிப்பதும் சிஸ்சிடிஎல் மூலம் படிப்பதும் ஒன்றுதான். இவை வட்டில் இருக்கும் கோப்புகள் அல்ல. நீங்கள் படிக்கும் கணத்தில் கெர்னல் எழுதித் தரும் விடைகள். ஆகவே மறுதொடக்கத்தோடு எல்லாம் மறைந்துவிடும்; ஒவ்வொரு முறையும் யாரேனும் மீண்டும் எழுதியாக வேண்டும். உங்கள் இயந்திரத்தில் அந்த வேலையைச் செய்வது, பூட்டின்போது சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டியின் சிஸ்டம்டி-சிஸ்சிடிஎல் என்ற சேவை.

அந்தச் சேவை எழுத முயலும் நேரத்தில் கோப்பே இல்லை என்றால் என்ன ஆகும் என்பதுதான் உங்கள் கேள்விக்கு விடை. சோமேக்ஸ்கான் கெர்னலின் மையப் பகுதியைச் சேர்ந்தது. பூட் தொடக்கத்திலிருந்தே அது இருக்கும். கான்ட்ராக்கோ டெபியனில் தனி மாட்யூல், அதாவது தேவைப்படும்போது கெர்னலில் ஏற்றப்படும் துண்டு. இணைப்பின் நிலையைப் பார்க்கும் விதி ஒன்றை என்எஃப்டேபிள்ஸ் ஏற்றும்போதுதான் அந்த மாட்யூல் நினைவகத்துக்கு வருகிறது. அதற்குமுன் ‘/ப்ராக்/சிஸ்/நெட்/நெட்ஃபில்டர்’ கோப்பகத்தில் அந்தப் பெயரே இருக்காது. சேவை வருகிறது, கோப்பைத் தேடுகிறது, காணவில்லை என்றதும் அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. பிறகு மாட்யூல் ஏறும்போது, நினைவக அளவைக் கொண்டு தானே கணக்கிட்ட இயல்பு மதிப்போடு ஏறுகிறது. நீங்கள் டெர்மினலில் ‘-பி’ கட்டளையிடும் நேரத்தில் மாட்யூல் ஏற்கெனவே இருப்பதால் எல்லாம் சரியாக நடப்பதுபோல் தோன்றுகிறது.

இதை ஊகமாக விட வேண்டாம். ‘ஜர்னல்சிடிஎல் -பி -யு சிஸ்டம்டி-சிஸ்சிடிஎல்’ என்று கேட்டு (இங்கே ‘பி’ என்பது ‘பூட்’ என்பதன் முதலெழுத்து), இந்தப் பூட்டில் அந்தச் சேவை என்ன முணுமுணுத்தது என்று பாருங்கள்.

முனையன்

பார்த்தேன், நன்றி. சேவையின் நிலை ‘வெற்றி’ என்றே காட்டுகிறது. ஆனால் பதிவில் ஒரு வரி இருக்கிறது. ‘நெட்/நெட்ஃபில்டர்/என்எஃப்_கான்ட்ராக்_மேக்ஸ்’ என்பதில் 524288 ஐ எழுத இயலவில்லை, பொருட்படுத்தாமல் விடுகிறேன், அத்தகைய கோப்போ கோப்பகமோ இல்லை என்கிறது. சேவை பச்சை நிறத்தில் இருக்கும்போது அதன் பதிவைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றாது. மாட்யூலை முன்கூட்டியே ஏற்றுவதுதான் வழியா?

பழங்கணினி

ஆம். ‘/ஈடிசி/மாட்யூல்ஸ்-லோட்.டி’ கோப்பகத்தில் ‘.கான்ஃப்’ என்று முடியும் ஒரு கோப்பை உருவாக்கி, அதில் ‘என்எஃப்_கான்ட்ராக்’ என்ற ஒரே சொல்லை எழுதுங்கள். மாட்யூல்களை ஏற்றும் சேவை முடிந்த பிறகுதான் சிஸ்சிடிஎல் சேவை தொடங்க வேண்டும் என்ற வரிசை சிஸ்டம்டியிலேயே வகுக்கப்பட்டுள்ளது. ஆகவே இது போதும். மாட்யூல் எப்போது ஏறினாலும் அந்தக் கணத்தில் அமைவை இடுமாறு யுடெவ் (சாதன, மாட்யூல் நிகழ்வுகளைக் கவனிக்கும் சேவை) விதி ஒன்றையும் எழுதலாம். ஆனால் எப்படியும் தேவைப்படப்போகும் மாட்யூலுக்கு அத்தனை சுற்று வழி வேண்டியதில்லை என்பது என் கருத்து. பிரிட்ஜ் தொடர்பான ‘நெட்.பிரிட்ஜ்’ அமைவுகள் காணாமற்போவதும் இதே காரணத்தால்தான். அங்கே ஏற்ற வேண்டியது ‘பிஆர்_நெட்ஃபில்டர்’.

கோப்பின் இடம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வரிகளைச் ‘சிஸ்சிடிஎல்.கான்ஃப்’ கோப்பிலிருந்து எடுத்து, ‘/ஈடிசி/சிஸ்சிடிஎல்.டி’ கோப்பகத்தில் தனிக் கோப்பாக வையுங்கள். சிஸ்டம்டியின் சேவை பழைய ஒற்றைக் கோப்பை நேரடியாகப் படிப்பதில்லை. டெபியன் 12 வரை அந்தக் கோப்பகத்தில் இருந்த ஒரு குறியிணைப்பின் (வேறொரு கோப்பைச் சுட்டும் பெயரின்) புண்ணியத்தில்தான் அது படிக்கப்பட்டு வந்தது. டெபியன் 13 இல் அந்த ஏற்பாடு இல்லை. அடுத்த மேம்படுத்தலுக்குப் பின் சோமேக்ஸ்கானையும் காணவில்லை என்று நீங்கள் மீண்டும் இங்கே எழுத நேரக்கூடும்.

ஒரே அமைவு பல கோப்புகளில் இருந்தால், கோப்பகம் எதுவாயினும் கோப்புப் பெயர்களின் அகர வரிசையில் கடைசியாக வருவதே வெல்லும். அதற்காகத்தான் பெயர்களின் முன்னால் 10, 50, 99 என்று எண் இடுகிறார்கள். ‘சிஸ்டம்டி-அனலைஸ் கேட்-கான்ஃபிக் சிஸ்சிடிஎல்.டி’ என்று கேட்டால் எல்லாக் கோப்புகளையும் படிக்கப்படும் வரிசையிலேயே காட்டிவிடும். ‘சிஸ்சிடிஎல் -பி’ என்பது கோப்பின் பெயர் சொல்லாவிட்டால் அந்த ஒற்றைக் கோப்பை மட்டுமே படிக்கும். முழுவதையும் சோதிக்க ‘--சிஸ்டம்’ என்ற தேர்வைப் பயன்படுத்துங்கள்.

வரிசைக்காவலர் (பதில்)

511 என்ற எண்ணைப் பார்த்ததுமே காரணம் விளங்கிவிட்டது. அது கெர்னலின் எண் அன்று; என்ஜின்எக்ஸின் எண்.

ஒரு சர்வர் நிரல், இணைப்புகளை ஏற்கத் தயார் என்று கெர்னலிடம் அறிவிக்கும்போது ‘லிசன்’ என்ற அழைப்பைச் செய்கிறது. நான் இன்னும் கையில் எடுக்காத இணைப்புகளில் எத்தனையை வரிசையில் நிறுத்திவைக்கலாம் என்பதையும் அந்த அழைப்பிலேயே சொல்கிறது. நிரல் கேட்ட எண், சோமேக்ஸ்கான் ஆகிய இரண்டில் எது சிறியதோ அதையே கெர்னல் அந்தச் சாக்கெட்டின் (நிரல் திறந்துவைத்த இணைப்பு முனையின்) வரம்பாகக் குறித்துக்கொள்கிறது. சோமேக்ஸ்கான் ஓர் உச்சவரம்பு மட்டுமே. லினக்ஸில் என்ஜின்எக்ஸ் இயல்பாகக் கேட்பது 511. சோமேக்ஸ்கானை 8192 ஆக்கினாலும் எண்பதாயிரம் ஆக்கினாலும், கேட்டவர் 511 தான் கேட்டார் என்றால் 511 தான் கிடைக்கும். சோமேக்ஸ்கானின் இயல்பு மதிப்பு 128 ஆக இருந்த காலத்தில் அதை உயர்த்துவது உடனே பலன் தந்தது, கெர்னல் 5.4 இல் அது 4096 ஆக உயர்ந்துவிட்டதால், உங்கள் கெர்னலில் இந்த வரியால் இதுவரை எதுவுமே மாறியிருக்காது.

என்ஜின்எக்ஸ் அமைவுக் கோப்பின் ‘லிசன்’ வரியில் ‘பேக்லாக்=4096’ என்று சேர்த்துச் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். மறுதொடக்கம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: இரண்டு எண்களையும் ஒப்பிட்டு வரம்பை முடிவுசெய்வது அந்த அழைப்பு நடக்கும் கணத்தில் மட்டுமே. பிறகு சோமேக்ஸ்கானை நீங்கள் எத்தனை முறை மாற்றினாலும், ஏற்கெனவே திறந்திருக்கும் சாக்கெட் தன் பழைய வரம்போடுதான் வாழும். ‘எஸ்எஸ்’ வெளியீட்டில் கேட்கும் நிலையிலுள்ள சாக்கெட்டுக்குச் ‘சென்ட்-க்யூ’ அந்த வரம்பையும், ‘ரிசீவ்-க்யூ’ இந்தக் கணத்தில் வரிசையில் நிற்கும் இணைப்புகளின் எண்ணிக்கையையும் காட்டும். வழக்கமான சாக்கெட்டுகளில் அதே நெடுவரிசைகளுக்கு வேறு பொருள் என்பதால் பலரும் இங்கே குழம்புகிறார்கள்.

உங்கள் சேவை கன்டெய்னருக்குள் இயங்குமானால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சோமேக்ஸ்கான் ஒவ்வொரு நெட்வொர்க் நேம்ஸ்பேஸுக்கும் (கன்டெய்னருக்கென்று பிரித்துத் தரப்படும் நெட்வொர்க் சூழலுக்கும்) தனித்தனியானது. வெளியே நீங்கள் இட்ட மதிப்பு உள்ளே செல்லாது, கன்டெய்னரைத் தொடங்கும்போதே தனியாகச் சொல்ல வேண்டும். ‘விஎம்.ஸ்வாப்பினஸ்’ போன்ற நினைவக அமைவுகளுக்கு இந்தப் பிரிவினை கிடையாது.

ஓர் எச்சரிக்கை. வரிசை நிரம்பி வழிகிறது என்றால், இணைப்புகள் வரும் வேகத்துக்கு நிரல் அவற்றைக் கையில் எடுக்கவில்லை என்று பொருள். நெரிசல் சில நொடிகளே நீடிக்கும் என்றால் நீண்ட வரிசை அதைத் தாங்கிவிடும். நிரல் எப்போதுமே பின்தங்குகிறது என்றால், வரிசையை நீட்டுவதால் மக்கள் திருப்பி அனுப்பப்படுவதற்குப் பதிலாக வெகுநேரம் காத்திருந்துவிட்டுத் திரும்புவார்கள். ரிசீவ்-க்யூ எண்ணைச் சிறிது நேரம் தொடர்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அரிவாள் (பதில்)

கேள்வியில் ‘பலரும் பரிந்துரைக்கும் டிசிபி வரிகள்’ என்று ஒரு சொற்றொடரை முனையன் போகிற போக்கில் சொல்லிச் சென்றிருக்கிறார். எனக்கு அங்கேதான் கவலை. அந்த வரிகளில் ‘நெட்.ஐபிவி4.டிசிபி_டிடபிள்யூ_ரீசைக்கிள்’ இருக்கிறதா, ‘டிசிபி_மெம்’ இருக்கிறதா என்று பாருங்கள்.

முதலாவது, கெர்னல் 4.12 இலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஒரே முகவரிக்குப் பின்னால் பல பயனர்கள் இருக்கும்போது அவர்களில் சிலருடைய இணைப்புகளைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும் குணம் அதற்கு இருந்தது. உங்கள் கெர்னலில் அது இல்லை என்பதால் தீங்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வரி இருந்தால், நீங்கள் எடுத்த பட்டியலின் வயது தெரிந்துவிடும். இரண்டாவது இன்றும் உயிரோடிருக்கும் அமைவு, அதனால்தான் ஆபத்தானது. ‘டிசிபி_ஆர்மெம்’, ‘டிசிபி_டபிள்யூமெம்’ ஆகியவற்றின் மூன்று எண்களும் பைட்டுகளில். ‘டிசிபி_மெம்’ அமைவின் மூன்று எண்கள் மட்டும் பக்கங்களில். வழக்கமாக ஒரு பக்கம் 4096 பைட். மூன்று வரிகளிலும் ஒரே எண்களை ஒட்டிவைத்திருக்கும் பட்டியல்கள் ஏராளம். அப்படி ஒட்டினால், டிசிபிக்கு இவ்வளவுதான் நினைவகம் என்று கெர்னல் தானே வகுத்துக்கொள்ளும் கட்டுப்பாட்டை, இயந்திரத்தில் இருக்கும் நினைவகத்தைவிடப் பெரிய அளவுக்குத் தூக்கிவிடுவீர்கள். அந்த எண்களை இயந்திரத்தின் நினைவகத்தைப் பார்த்து கெர்னலே பூட்டில் கணக்கிடுகிறது. பெரும்பாலோர் தொடத் தேவையில்லை.

‘விஎம்.ஸ்வாப்பினஸ்’ கதையும் இப்படித்தான். இயல்பு மதிப்பு 60 என்றால், நினைவகத்தில் அறுபது விழுக்காடு நிரம்பியதும் ஸ்வாப் (நினைவகப் பக்கங்களை வட்டுக்கு மாற்றுவது) தொடங்கும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். நினைவகத்தை மீட்க வேண்டிய நிலை வரும்போது, கோப்புகளின் தற்காலிகப் பக்கங்களை விடுவிப்பதா, நிரல்களின் பக்கங்களை ஸ்வாப்புக்கு அனுப்புவதா என்பதில் எதன் பக்கம் சாய வேண்டும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. கெர்னல் 5.8 முதல் அதை 200 வரையில் இடலாம்; விழுக்காடாக இருந்தால் 200 க்கு என்ன பொருள்?

கான்ட்ராக் விஷயத்திலும் மேக்ஸை உயர்த்துவதற்கு முன் ‘என்எஃப்_கான்ட்ராக்_கவுண்ட்’ மதிப்பைப் பார்த்தீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. நிலைபெற்ற டிசிபி இணைப்பு ஒன்று எந்தச் சலனமும் இல்லாமல் கிடந்தாலும், இயல்பாக 432000 நொடிகள், அதாவது ஐந்து முழு நாட்கள், அட்டவணையில் இடம்பிடித்திருக்கும். மறுமுனை இயந்திரம் மின்சாரம் போய் அணைந்துவிட்டாலும் அந்தப் பதிவு நிற்கும். ‘என்எஃப்_கான்ட்ராக்_டிசிபி_டைமவுட்_எஸ்டாப்ளிஷ்ட்’ என்ற அமைவைச் சில மணி நேரத்துக்குக் குறைத்தாலே பல இடங்களில் அட்டவணை நிரம்புவது நின்றுவிடும். உயர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால், ஒவ்வொரு பதிவும் சில நூறு பைட்டுகளை எடுக்கும், ஐந்து லட்சம் பதிவுகள் நிரம்பினால் நூறு மெகாபைட்டைத் தாண்டும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கோப்பில், ஏன் இட்டோம் என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு குறிப்பு எழுத முடியாத வரி ஒவ்வொன்றையும் நான் அழித்துவிடுவேன்.

பேய்க்குட்டி (பதில்)

ஃப்ரீபிஎஸ்டி பற்றிக் கேட்டிருந்தீர்கள். சிஸ்சிடிஎல் என்ற இடைமுகமே 4.4பிஎஸ்டியில் பிறந்தது, லினக்ஸில் அதே பெயரில் இருந்த சிஸ்டம் அழைப்பு கெர்னல் 5.5 இல் நீக்கப்பட்டு, ‘/ப்ராக்/சிஸ்’ வழி மட்டுமே எஞ்சியது. ஃப்ரீபிஎஸ்டியில் நிலைமை நேரெதிர். அங்கே கோப்பகம் எதுவும் கிடையாது. கட்டளை நேராகக் கெர்னலைக் கேட்கிறது. மதிப்பை மாற்ற ‘-டபிள்யூ’ தேவையில்லை, பெயருக்குப் பின் சமக்குறியிட்டு மதிப்பை எழுதினால் போதும். ‘-டி’ என்று கேட்டால் அந்த அமைவு எதற்கானது என்று கெர்னலே ஒரு வரியில் விளக்கும். லினக்ஸிலிருந்து வருபவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

பெயர்கள் மாறும். ‘நெட்.ஐபிவி4.ஐபி_ஃபார்வர்ட்’ அங்கே ‘நெட்.ஐநெட்.ஐபி.ஃபார்வர்டிங்’, சோமேக்ஸ்கானின் இடத்தில் ‘கெர்ன்.ஐபிசி.சோஅக்செப்ட்க்யூ’. மேலே வரிசைக்காவலர் சொன்ன வரிசை வரம்புகளை ‘நெட்ஸ்டாட் -எல்’ காட்டும்.

முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. சில அமைவுகளை இயங்கும் கெர்னலில் மாற்றவே முடியாது. ‘கெர்ன்.மேக்ஸ்ப்ராக்’ மதிப்பை மாற்றிப் பாருங்கள். இது படிக்க மட்டுமேயான ட்யூனபிள், இதன் மதிப்பை ‘/பூட்/லோடர்.கான்ஃப்’ கோப்பில் இட வேண்டும் என்று தெளிவாகவே மறுமொழி வரும். கெர்னல் தன் அட்டவணைகளுக்கு இடம் ஒதுக்குவதற்கு முன்பே அந்த எண் தெரிந்தாக வேண்டும் என்பதால், அதைப் பூட் லோடர்தான் கையில் கொடுக்கிறது. மற்றவை ‘/ஈடிசி/சிஸ்சிடிஎல்.கான்ஃப்’ கோப்பில் இருக்கலாம். இதற்கு மாறாக, பாதுகாப்பு நிலையைக் குறிக்கும் ‘கெர்ன்.செக்யூர்லெவல்’ இயங்கும்போது ஏற மட்டுமே செய்யும். இறக்க வேண்டுமானால் மறுதொடக்கம்தான் வழி. லினக்ஸிலும், மாட்யூல் ஏற்றுவதைத் தடுக்கும் ‘கெர்னல்.மாட்யூல்ஸ்_டிஸேபிள்ட்’ அத்தகைய ஒருவழிக் கதவு. சோதித்துப் பார்க்கலாம் என்று 1 இட்டுவிடாதீர்கள்.

உங்கள் முதல் சிக்கல் அங்கே எப்படிக் கையாளப்படுகிறது என்பது சுவையானது. பூட்டின்போது அந்தக் கோப்பு இரண்டு முறை படிக்கப்படுகிறது. தொடக்கத்தில் ஒருமுறை, அப்போது இல்லாத பெயர்கள் மௌனமாகத் தாண்டப்படும். எல்லாச் சேவைகளும் எழுந்தபின் ‘சிஸ்சிடிஎல்_லாஸ்ட்லோட்’ என்ற ஸ்கிரிப்ட் மீண்டும் ஒருமுறை படிக்கிறது. நடுவில் ஏறிய மாட்யூல்களின் அமைவுகள் அப்போது தம் மதிப்பைப் பெற்றுவிடும். இரண்டாம் முறையும் கிடைக்காத பெயருக்குத்தான் பிழை காட்டப்படும்.

முனையன்

அனைவருக்கும் நன்றி. செய்தவற்றை, பின்னால் இதே சிக்கலோடு வருபவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

மாட்யூலை முன்கூட்டியே ஏற்றியபின் மறுதொடக்கம் செய்தேன். கான்ட்ராக் மதிப்பு 524288 ஆக நிற்கிறது, ஜர்னலில் அந்த வரி இல்லை. எஸ்டாப்ளிஷ்ட் காலத்தை இரண்டு மணி நேரமாகக் குறைத்திருக்கிறேன். அதன்பின் நெரிசல் நேரத்திலும் கவுண்ட் இரண்டு லட்சத்தைத் தொடவில்லை. ஆகவே மேக்ஸை உயர்த்தும் வரியே தேவையா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு விட்டுவைக்கிறேன்.

என்ஜின்எக்ஸில் பேக்லாக் சேர்த்து மறுதொடக்கம் செய்ததும் சென்ட்-க்யூ 4096 ஆனது. வழிதல் எண்ணிக்கை அதற்குப்பின் ஏறவில்லை. ரிசீவ்-க்யூ சில வேளை எழுநூறு வரை போய் உடனே இறங்கிவிடுகிறது. சோமேக்ஸ்கான் வரியை நீக்கிவிட்டேன். டிசிபி_மெம் வரி இருந்தது. மூன்று வரிகளிலும் ஒரே எண்கள்தான். அதையும் நீக்கிவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். ‘சூடோ எக்கோ’ என்று எழுதி வெளியீட்டை ‘/ப்ராக்/சிஸ்’ கோப்புக்குத் திருப்பினால் அனுமதி இல்லை என்கிறதே, சூடோ இருந்தும் ஏன்?

பழங்கணினி

திருப்பும் குறியைக் கையாள்வது உங்கள் ஷெல். கோப்பைத் திறப்பதும் அதுவே, உங்கள் சாதாரணப் பயனர் உரிமையோடு. சூடோ பெறும் உயர்வு ‘எக்கோ’ கட்டளைக்கு மட்டும்தான். ‘எக்கோ’வின் வெளியீட்டைப் பைப் வழியாகச் ‘சூடோ டீ’ கட்டளைக்கு அனுப்புங்கள். அல்லது ‘சூடோ சிஸ்சிடிஎல் -டபிள்யூ’ என்றே எழுதிவிடுங்கள்.